அகத்தி – போர்ட் பிளேர்: ஐந்து மணி நேரம் வானத்தில், முப்பது மணி நேரம் வழியில்

லட்சத்தீவையும் அந்தமானையும் ஒரே விடுமுறையில் பார்த்துவிடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பார்க்கலாம். நான் இந்த ஜனவரி கடைசி வாரத்தில் அகத்தியிலிருந்து போர்ட் பிளேருக்குப் போய்ச் சேர்ந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் தங்கையின் அழைப்புக்காகப் போனேன். ஆனால் வழி எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதால் நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. பிறந்தது ராயபுரம், வீடு இப்போது திருவொற்றியூர் காலடிப்பேட்டை. கிரேன் மெக்கானிக். துறைமுகத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது படகுத்துறை கட்டும் ஒரு கம்பெனிக்காக அகத்தியில் இருக்கிறேன். தங்கை ஜெசி நர்சிங் படித்தவள். நல்ல வேலையில் இருந்தாள். இருபத்து நான்கு வயதில் கன்னியர் மடத்தில் சேரப்போகிறேன் என்றாள். அப்பா இறந்தபிறகு அவளை வளர்த்தவன் என்ற திமிர் எனக்கு. கூடாது என்று சொன்னேன். அவள் போய்விட்டாள். மடத்தில் சேர்கிறவர்கள் முதலில் சில வருடங்களுக்கென்று ஒரு வார்த்தைப்பாடு கொடுப்பார்கள். அந்தச் சடங்குக்கு எனக்கு அழைப்பு வந்தது. அன்றைக்கு வேண்டுமென்றே டூட்டி போட்டுக்கொண்டு துறைமுகத்தில் இருந்தேன். ஆறு வருடம் ஆகிறது.

இப்போது போர்ட் பிளேர் பக்கத்தில் ஒரு மடத்தில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்குப் போன் செய்தபோது, ஜனவரியில் நித்திய வார்த்தைப்பாடு என்றாள். அதாவது ஆயுசுக்கும். “சனிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்குப் பூசை. பீடத்து வரைக்கும் அப்பா கூட நடந்து வரணும். அப்பா இல்ல. நீ வருவியாண்ணா?” என்று கேட்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இதன்பிறகு இப்படி ஒரு நாள் வராது என்று எனக்குத் தெரியும்.

போனை வைத்ததும் இணையத்தில் தேடினேன். இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் தூரமும் நேரமும் சொல்லும் பக்கங்கள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்று சொன்னது: அகத்தி – போர்ட் பிளேர் 2,246 கிலோமீட்டர், விமான நேரம் 3 மணி 18 நிமிடம். நிமிடக் கணக்கே இவ்வளவு துல்லியமாக இருக்கிறதே என்று நம்பி, சூப்பர்வைசரிடம் சனிக்கிழமை ஒரே ஒரு நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாடு போர்ட் பிளேரில் என்பது என் கணக்கு.

டிக்கெட் எடுக்கப் போனபோதுதான் புரிந்தது. அந்தப் பக்கம் சொன்னது ஒரு காக்கை நேராகப் பறந்தால் ஆகும் நேரம். இரண்டு ஊருக்கும் நடுவே அப்படி ஒரு விமானமே கிடையாது. அகத்தியிலிருந்து கொச்சி, கொச்சியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து போர்ட் பிளேர் என்று மூன்று விமானம் மாற வேண்டும். வேடிக்கை என்னவென்றால் தூரம் பெரிதாக ஏறுவதில்லை. மூன்றையும் கூட்டினால் ஏறக்குறைய 2,350 கிலோமீட்டர்தான். ஏறுவது நேரம். சூப்பர்வைசரிடம் மறுபடி போய் நின்று வெள்ளிக்கிழமையையும், திரும்பி வரத் திங்கட்கிழமையையும் சேர்த்து வாங்கினேன். அவர் சிரித்த சிரிப்பை இங்கே எழுதப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அறையை விட்டுக் கிளம்பினேன். விமான நிலையம் நான்கு கிலோமீட்டர், ஆட்டோ 150 ரூபாய். அகத்தி ஓடுபாதையின் இரண்டு முனையிலும் கடல். விமானம் சிறியது. எடை பார்ப்பதில் கறாராக இருப்பார்கள். என் டூல் பையை அறையிலேயே வைத்துவிட்டு ஒரு தோள்பையோடு போனேன், நல்லதாகப் போயிற்று. 11.40க்குக் கிளம்ப வேண்டியது 12.25க்குக் கிளம்பியது. 13.50க்குக் கொச்சி. டிக்கெட் 6,200 ரூபாய். ஜன்னல் இடம் கிடைத்தால் இடது பக்கம், வலது பக்கம் என்று யோசிக்க வேண்டாம், இரண்டு பக்கமும் அந்தப் பச்சைத் தண்ணீர் தெரியும்.

கொச்சியில் மூன்றரை மணி நேரம் காத்திருப்பு. 17.30க்குக் கிளம்பிய விமானம் 18.50க்குச் சென்னையில் இறக்கியது. டிக்கெட் 3,900. விமான நிலையத்திலிருந்து நேராக மெட்ரோ. எங்கும் மாற வேண்டாம், காலடிப்பேட்டையிலேயே நிலையம் இருக்கிறது. 50 ரூபாய், ஒரு மணி நேரம். எட்டரைக்கு வீட்டில் அம்மா கையால் சங்கரா மீன் குழம்பு. இதுவரைக்கும் பயணம் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இருந்தது. நானும் பெரிய ஆள் மாதிரி, “அவ்ளோதாம்மா, நாளைக்கு ஒரு தாவு, அந்தமான்” என்று சொன்னேன்.

சென்னையிலிருந்து அம்மாவும் என்னோடு வருகிறார். அவருக்கு அறுபத்தாறு வயது, முட்டி வலி, விமானத்தில் ஏறுவது இதுதான் முதல் தடவை. காசிமேட்டில் பார்த்துப் பார்த்து வாங்கிய நெத்திலிக் கருவாடு நான்கு கிலோவை மூன்று பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டி, அட்டைப்பெட்டியில் வைத்துக் கயிறு கட்டியிருந்தார். அந்தமானைச் சுற்றிக் கடல்தானே, அங்கே கிடைக்காத மீனா என்று கேட்டேன். “கிடைக்கும். ஆனா அது இந்த மீன் இல்லையே” என்று முடித்துவிட்டார்.

சனிக்கிழமை எங்கள் விமானம் 10.40க்கு. ஒரு மணி நேரத்துக்கு முன்னால், அதாவது 9.40க்குக் கவுன்டரை மூடிவிடுவார்கள். மெட்ரோவில் போவதாகத்தான் இருந்தது. ஏழு மணிக்கு மோசஸ் வந்து நின்றான். பள்ளிக்கூடத்திலிருந்து என் தோஸ்து, இப்போது வாடகைக் கார் ஓட்டுகிறான். வண்டியைக் கழுவி, முன்னால் மல்லிகைச் சரம்கூடக் கட்டியிருந்தான்.

“இன்னா மாமு, முட்டி வலிக்காரம்மாவ மெட்ரோல படி ஏத்தி எறக்கப் போறியா? இம்மாம் பெரிய பொட்டி வேற. நம்ம வண்டி எதுக்குக் கீது?”

“லிஃப்ட் இருக்குடா மோசஸ்.”

“லிஃப்டு கீது, தோஸ்து இல்லியா?”

அம்மா என் காதருகே வந்து, “ஆசையா வந்துகிறான்டா. வேணாம்னு சொன்னா மனசு பேஜாராயிடும் அவனுக்கு” என்றார். நான் போனில் வரைபடத்தைப் பார்த்தேன். 28 கிலோமீட்டர், 1 மணி 10 நிமிடம் என்றது. ஏழரைக்குக் கிளம்பினால் எட்டு நாற்பது. ஒரு மணி நேரம் மிச்சம். ஏறிவிட்டோம். ஒரு மாதத்துக்கு முன்னால் சூட்டுக்கோல் பட்ட அதே கை மறுபடி அதே அடுப்பில். கிலோமீட்டரைப் பார்த்து நேரத்தை நம்புகிற வேலையை வேறு ஊர்க்காரன் செய்தால் மன்னிக்கலாம். கன்டெய்னர் டிரெய்லர்கள் நிற்கிற வரிசையைப் பார்த்து வளர்ந்தவன் செய்யலாமா?

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சந்தைக் கூட்டம் இருக்கும் என்று மோசஸ் கடலோரமாகப் போகும் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வண்டியை இறக்கினான். ஐந்து நிமிடம் பறந்தோம். காசிமேடு நெருங்கும்போது நின்றோம். நின்றது நின்றதுதான். முன்னால் ஒரு டிரெய்லர் அச்சு முறிந்து சாலைக்குக் குறுக்கே படுத்திருக்கிறது என்று தகவல் ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் வந்தது. இடது பக்கம் கடல் சுவர், வலது பக்கம் டிரெய்லர், பின்னால் டிரெய்லர். மணி 7.50.

எட்டே கால் வரைக்கும் மோசஸ் நம்பிக்கையாகப் பேசினான். எட்டரைக்குப் பேச்சை நிறுத்தினான். பக்கத்து டிரெய்லரின் டிரைவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் வண்டி ஜன்னலில் குனிந்து பார்த்தார்.

“எங்க நைனா, ஏர்போர்ட்டா? எத்தினி மணிக்கு ஃபிளைட்டு?”

“பத்து நாப்பது.”

“இங்கயே குந்திகினு இருந்தா கப்பலே போயிடும், ஃபிளைட்டு இன்னா. நான் காலைல நாலு மணிலருந்து இந்த எடத்துலதான் நிக்கிறேன். எறங்கி நட. புது வண்ணாரப்பேட்ட மெட்ரோ பத்து நிமிசம்.”

மோசஸ் தலை நிமிரவில்லை. “மன்னிச்சுக்க மாமு, நாந்தான் இஸ்துகினு வந்துட்டேன்” என்றான். அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வரைபடத்தைப் பார்த்து ஏறியவன் நான். அவன் தோளைத் தட்டிவிட்டு இறங்கினேன். டிரெய்லர்களுக்கு நடுவே ஒரு ஆள் புகுகிற இடைவெளிதான். அந்த டிரைவர் அட்டைப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மோந்து பார்த்துவிட்டு, “நெத்திலியா?” என்றார். அம்மா ஆமாம் என்றார். மறுபக்கச் சந்தில் எங்களை விட்டுவிட்டு அவர் திரும்பி ஓடினார், வண்டி அனாதையாக நிற்கிறதே. பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

பத்து நிமிடம் என்று அவர் சொன்னது அவர் காலுக்கு. அம்மா முட்டிக்கு இருபது நிமிடம். 8.57க்கு ரயில் கிடைத்தது. உட்கார இடம் கிடைத்தது. அம்மா வழியெல்லாம் ஜெபமாலை உருட்டிக்கொண்டே வந்தார். நான் நிலையங்களை எண்ணிக்கொண்டே வந்தேன். 9.49க்கு விமான நிலையம். அம்மாவை ஒரு சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். கவுன்டருக்கு முன்னால் நிற்கும்போது 10.01. மூடியிருந்தார்கள்.

கவுன்டரில் இருந்த பெண்ணிடம் கெஞ்சிப் பார்த்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை, ஆனால் முடியாது என்றார். 12.15 விமானத்தில் இரண்டு இடம் இருக்கிறது, 14.30க்குப் போகும் என்றார். முதலில் எடுத்த டிக்கெட் ஆளுக்கு 7,450. மாற்றுவதற்கு ஆளுக்கு 3,250 கூடுதல். வாங்கினேன். ஆனால் எனக்குக் கணக்குப் போடத் தெரியும். 14.30க்கு இறங்கி, பெட்டி வந்து, டாக்சி பிடித்து, ஊரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மடத்துக்குப் போனால் நான்கு மணி ஆகிவிடும். மூன்று மணிக்குப் பூசை. ஜெசியின் போன் அணைந்திருந்தது. வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் ஒரு வாரம் தியானத்தில் இருப்பார்கள், யாரிடமும் பேசமாட்டார்கள்.

நாற்காலி வரிசையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். புதுப் போர்டிங் பாஸ்களை அவர் கையில் கொடுத்தேன். அம்மாதான் பேசினார். கோபமில்லாமல்தான் பேசினார்.

“மொத தடவ நீ வேணும்னே வரல. இந்த தடவ வரணும்னு ஆசப்பட்டும் வரல. அங்க நிக்கிற புள்ளைக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

அந்த இரண்டே கால் மணி நேரப் பறத்தலில் என்ன பார்த்தேன் என்று கேட்காதீர்கள். அந்தமான் நெருங்கும்போது கீழே தீவுகள் அழகாக இருக்கும் என்கிறார்கள், இருந்திருக்கும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார், அவருக்குப் பயமே இல்லை. ஜெசி வாசலில் நிற்பாள், கூப்பிடுவார்கள், பக்கத்தில் யாரும் இல்லாமல் நடந்து போவாள் என்பதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடம் வீம்பு பிடித்ததற்கு ஒரு நாளில் பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேனே, அந்த ஒரு நாளையும் நானே பாழாக்கினேன்.

14.34க்குத் தரை தொட்டது. கருவாட்டுப் பெட்டி கடைசியாக வந்தது. டாக்சி 900 ரூபாய். ஓட்டியவர் பரமக்குடிக்காரர், முப்பது வருடமாக அங்கே இருக்கிறாராம். ஊர்ப் பெயரை மாற்றிவிட்டார்கள், நாங்கள் இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறோம் என்றார். விஷயத்தைச் சொன்னதும் வேகம் கூட்டினார். ஆனாலும் மலைப்பாதை, வளைவுக்கு வளைவு ஹாரன். மடத்து வாசலில் இறங்கும்போது 15.50.

கோயில் கதவு திறந்திருந்தது. உள்ளே பாட்டுச் சத்தம் இல்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பெட்டியோடு வாசலிலேயே நின்றேன். அம்மா மட்டும் முட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

பக்கவாட்டு வராந்தாவிலிருந்து ஜெசி வந்தாள். வெள்ளைப் புடவை, கையில் ஏற்றாத மெழுகுவர்த்தி. அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன், அதை மறைக்க ஒன்றும் செய்யவில்லை.

“லேட்டாயிடுச்சு ஜெசி. எக்ஸ்பிரஸ் ரோட்ல மாட்டிக்கிட்டோம். நாந்தான்...”

“லேட்டா? யாரு சொன்னா? நாலரைக்குத்தாண்ணா பூசை. பிஷப்பே இன்னும் வரல.”

“நீ மூணு மணின்னு சொன்னியே.”

“நீ எங்கிருந்து வர்றேன்னு எனக்குத் தெரியாதா? நானும் காலடிப்பேட்டைக்காரிதான். எக்ஸ்பிரஸ் ரோட்டத் தாண்டி வர்றவங்களுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி சொல்லணும். அம்மாவுக்கும் அப்பிடித்தான் சொன்னேன்.”

எங்கள் பக்கம் எல்லாரும் செய்கிற வேலைதான் அது. நிச்சயதார்த்தம் ஏழு மணிக்கு என்றால் எண்ணூர் சொந்தத்துக்கு ஐந்தரை என்று சொல்வோம். ராயபுரத்தில் இருக்கும் மாமாவுக்குச் சரியான நேரத்தைச் சொல்வோம். நானே எத்தனையோ பேருக்கு இப்படிச் சொல்லியிருக்கிறேன். ஒருவர்கூட எதற்கென்று கேட்டதில்லை. எனக்கும் ஒருத்தி சொல்லுவாள் என்று மட்டும் தோன்றவே இல்லை. வாசலில் நின்றபடியே மூன்று பேரும் சிரித்தோம். அம்மாதான் நிறுத்த முடியாமல் சிரித்தார்.

நாலரைக்கு மணி அடித்தது. ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் நான், நடுவில் ஜெசி. சின்னக் கோயில், பத்துப் பன்னிரண்டு பெஞ்சு வரிசை. பீடத்தருகே போனதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். “இதோ வருகிறேன்” என்று சொல்லி என் கையை விட்டாள். பிறகு தரையில் முகம் படக் குப்புறப் படுத்தாள். எல்லாரும் புனிதர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பாடினார்கள். நான் பாடவில்லை. என் தங்கையை யாரோ என்னிடமிருந்து வாங்கிக்கொள்கிறார்கள் என்றுதான் அப்போதும் இருந்தது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன். ஆனால் எழுந்து நின்றபோது அவள் முகத்தில் இருந்த தெளிவை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. அறையிலிருந்து மடத்து வாசல் வரை எனக்கு ஆனது 29 மணி 50 நிமிடம், அதில் வானத்தில் இருந்தது ஏறக்குறைய ஐந்து மணி நேரம். தூரம் காட்டும் இணையப் பக்கங்களைப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் அந்த இரண்டு ஊருக்கும் நடுவே விமானம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்கு நாளாகும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். அந்தமானுக்கு நம்மவர்களுக்கு அது தேவையில்லை. அகத்தி விமானம் வானிலையைப் பொறுத்துத் தள்ளிப்போகும் என்பதால் சென்னையில் ஓர் இரவு தங்குவதுபோல வையுங்கள், ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். வடசென்னையில் தங்கினால் விமான நிலையத்துக்கு மெட்ரோவைத் தவிர வேறு எதிலும் ஏறாதீர்கள், எவ்வளவு நெருங்கிய தோஸ்து வண்டியோடு வந்து நின்றாலும் சரி. அவனையும் மெட்ரோவில் கூட்டிக்கொண்டு போய் வழியனுப்பச் சொல்லுங்கள். கருவாட்டை மூன்று உறை போட்டுக் கட்டி, கையில் கொண்டுபோகாமல் செக்-இன் சாமான்களோடு போட்டுவிடுங்கள். டாக்சிக்காரரிடம் திரும்பி வரவும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள், மடம் இருக்கும் பக்கம் மாலையில் வண்டி கிடைக்காது.

பூசை முடிந்து வராந்தாவில் கேக்கும் காபியும் கொடுத்தார்கள். அம்மா உள்ளே சமையல்காரச் சகோதரியிடம் கருவாட்டை எப்படி வறுக்க வேண்டும் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஜெசி தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். விரலில் புது மோதிரம்.

“கோவம் போச்சாண்ணா?”

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நாளைக்கு அது பொருத்தமாகவும் இருந்திருக்கும்.

“போவல. ஆனா வந்துட்டேன்ல.”

அவள் கேக்கைப் பாதியாகப் பிய்த்து, பெரிய பாதியை என் தட்டில் வைத்தாள்.

“போதும்ணா. நான் உன்ன வரச்சொல்லித்தான் கேட்டேன்.”